பெயர்மாற்ற அறிவிக்கையில் பிறந்த மண்: பனமரத்துப்பட்டியை முன்வைத்து ஒரு பெயராய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிறந்த மாநிலத்தை விட்டு வெளியே வாழும் தமிழர் தம் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ளும்போது, தமிழ்ப் பெயரின் அமைப்பு பிற பெயரமைப்புகளோடு மோத நேர்கிறது. முன்னெழுத்தும் இயற்பெயருமாக அமைந்த தமிழ்ப் பெயரைக் குடும்பப்பெயர் கேட்கும் படிவங்கள் வேறொரு வடிவத்துள் அடக்குகின்றன. இக்கட்டுரை, தமிழ்நாடு அரசிதழும் இந்திய அரசிதழும் கையாளும் பெயர்மாற்ற அறிவிக்கை வாய்பாடுகளை மொழிநோக்கில் ஒப்பிட்டு, பெயர் மாறும் இடத்தில் பிறந்த மண் எவ்வாறு பதிவாகிறது அல்லது விடுபடுகிறது என்பதை ஆராய்கிறது. சேலம் மாவட்டப் பனமரத்துப்பட்டியும் அதனைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளியும் ஆய்வுக் களமாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்

பெயராய்வு, முன்னெழுத்து, குடும்பப்பெயர், அரசிதழ், பெயர்மாற்றம், நிலப்பெயர், பனமரத்துப்பட்டி, சேலம்.

முன்னுரை

பெயர் ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுவது. அதே வேளையில் அவரை ஒரு குடும்பத்தோடும் ஊரோடும் மொழியோடும் சேர்த்துக் காட்டுவது. இவ்விரு பணிகளும் பிறந்த ஊரில் வாழ்வோர்க்கு முரண்படுவதில்லை. ஊரார்க்கு ஒருவரின் தந்தையும் தெருவும் முன்பே தெரிந்திருப்பதால், அவருடைய பெயர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. ஊரை விட்டு, மாநில எல்லையையும் கடந்து வாழ்வோர்க்கு நிலைமை வேறு. அங்கே ஆவணத்தில் உள்ள பெயரே ஆளுக்குச் சான்று. ஆவணங்களில் பெயர் மாறுபட்டிருந்தால் ஆளே ஐயத்திற்கு உள்ளாகிறார்.

இந்தியாவில் எல்லாப் பெயர்மாற்றங்களுக்குமான தனிச் சட்டம் ஒன்று இல்லை. உறுதிமொழி ஆவணம், நாளிதழ் விளம்பரம், அரசிதழ் வெளியீடு என்னும் படிகளால் நடைமுறை அமைந்துள்ளது. இவற்றுள் அரசிதழ் வெளியீடே பிற அலுவலகங்கள் ஏற்கும் முதன்மைச் சான்றாக விளங்குகிறது. பிறந்த மாநிலத்தில் வாழ்பவர் தம் மாநில அரசிதழை நாடுகிறார். வெளியே வாழ்பவர்க்கோ தாம் பிறந்த மாநிலத்தின் அரசிதழா, வாழும் மாநிலத்தின் அரசிதழா, இந்திய அரசிதழா என்னும் வினா எழுகிறது. இது நிருவாக வினாவாக மட்டும் கருதப்பட்டு வந்துள்ளது. இதனுள் பெயராய்வுக்குரிய வினாவும் அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. ஆய்வுக் களமும் அதன் பெயரும்

பனமரத்துப்பட்டி சேலம் நகருக்குத் தெற்கே அமைந்த பேரூராட்சி. சேலம் நகரின் குடிநீர்த் தேவைக்காக 1911இல் உருவாக்கப்பட்ட ஏரியாலும், அரளிப்பூச் சாகுபடியாலும் இவ்வூர் அறியப்படுகிறது. இச்சமவெளியிலிருந்து வெளிமாநிலம் செல்லுதல் புதிதன்று. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் நாமக்கல் சரக்குந்துகளும் இந்தியாவின் பல மாநிலங்களில் ஓடுகின்றன. கல்வியாலும் பணியாலும் பெங்களூரு, மும்பை முதலிய நகரங்களில் நிலைத்தோரும் உளர்.

ஊரின் பெயரே ஆவணப் பெயரின் இயல்பை விளக்கப் போதுமான சான்றாகும். பனைமரம் என்னும் நிலைமொழி அத்துச் சாரியை பெற்றுப் பட்டி என்னும் வருமொழியோடு புணரின் பனைமரத்துப்பட்டி என்றாதல் வேண்டும். ஆவணங்களில் வழங்குவது ஐகாரம் கெட்டு அகரமாக நின்ற பேச்சு வடிவம். அவ்வடிவமே பேரூராட்சிக்கும் ஒன்றியத்திற்கும் உரியதாகப் பதிவாகிவிட்டமையால், இன்று இலக்கணத்திற்கு இயைந்த வடிவத்தை எழுதுபவரே பிழை செய்தவராகக் கருதப்படுவார். ஆவணப் பெயர் என்பது சரியான பெயர் அன்று, பதிவான பெயர். இவ்வேறுபாடு ஆட்பெயர்க்கும் பொருந்தும்.

பதிவான பெயரை மாற்றுவது ஊர்களுக்கும் எளிதாக இல்லை. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை 2020 சூனில் வெளியாகி, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டல் மாற்றமே இத்தனை விவாதத்தை எழுப்பியது, பெயர் வாழ்வது ஆவணங்களின் தொகுதியில் என்பதைக் காட்டுகிறது.

2. தமிழ்ப் பெயரமைப்பில் நிலம்

தொல்காப்பியம் சொல்லதிகாரத்துப் பெயரியல், உயர்திணைப் பெயர்களை வகுக்கும்போது நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர், உடைப்பெயர் முதலியவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. நிலப்பெயர்க்கு அருவாளன், சோழியன் என்றாற்போலும் சொற்களை உரையாசிரியர் காட்டுவர். நிலம் ஆளுக்குப் பெயராதல் இலக்கண நூலார்க்குத் தெளிந்த செய்தி என்பது இதனால் பெறப்படும்.

சங்கப் புலவர் பெயர்களில் ஊர்ப்பெயர் முன்னடையாக நிற்றல் பெருவழக்கு. மதுரை மருதனிளநாகனார், காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், ஆவூர் மூலங்கிழார் ஆகிய பெயர்கள் சான்று. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும் பெயரில் ஊரும் அதனுட்பட்ட சேரியும் இடம்பெறுகின்றன. ஊர்ப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்பதே இவற்றின் பொது வரிசை. கணியன் பூங்குன்றனார் என்பதில் ஊர்ப்பெயரே ஆட்பெயராக ஈறு பெற்று நிற்கிறது. ஊர்ப்பெயர் தனித்து ஆளைக் குறிக்கும் ஆற்றலுடையது என்பதற்கு இது பழஞ்சான்று.

சேலம், நாமக்கல் பகுதியில் இவ்விரு அமைப்புகளும் அண்மைக் காலம்வரை தொடர்ந்துள்ளன. மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை நாமக்கல் கவிஞர் எனப்பட்டார். இங்கு ஊர் முன்னடை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்த ப. சுப்பராயன், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் சமீன்தார். அவருடைய மைந்தர்கள் இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக விளங்கிய ப. பி. குமாரமங்கலமும் நடுவண் அமைச்சராக இருந்த மோகன் குமாரமங்கலமும் ஆவர். மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலம் மக்களவைத் தொகுதியின் உறுப்பினராகப் பணியாற்றினார்.

தந்தை பெயரில் ஊர் இல்லை. மைந்தர் பெயரில் ஊர் இறுதியில் நிற்கிறது. பெயரனிடத்தும் அதுவே தொடர்கிறது. இங்கிலாந்திற் கல்வி, படைப்பணி, தில்லி அரசியல் எனத் தமிழகத்திற்கு வெளியே இயங்கிய தலைமுறையில் ஊர்ப்பெயர் குடும்பப்பெயரின் இடத்தைப் பெற்றுள்ளது. சாதிப்பெயர் நிற்கக்கூடிய இடத்தில் ஊர்ப்பெயர் நின்றமை கருதத்தக்கது. வெளியிடத்துப் படிவம் கேட்ட குடும்பப்பெயர்க்கு இச்சமவெளி முன்பே அளித்த ஒரு விடையாக இதனைக் கொள்ளலாம்.

3. முன்னெழுத்தும் குடும்பப்பெயரும்

இன்றைய தமிழ்நாட்டுப் பெயரின் பொது அமைப்பு, தந்தை பெயரின் முதலெழுத்தும் இயற்பெயரும் ஆகும். தாய் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து எழுதுவாரும் உளர். இம்முன்னெழுத்து தலைமுறைதோறும் மாறுவது. தந்தைக்குப் பாட்டனின் எழுத்து. மகளுக்குத் தந்தையின் எழுத்து. குடும்பப்பெயரோ தலைமுறைகளைக் கடந்து மாறாது நிற்பது. எனவே முன்னெழுத்தைக் குடும்பப்பெயரின் சுருக்கமாகக் கருதுவது பிழையாகும். முன்னது உறவைச் சுட்டுகிறது. பின்னது மரபைச் சுட்டுகிறது.

இவ்வமைப்புக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப்பட்டத்தைச் சேர்த்து வழங்குவதைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. அதன்பின் தமிழ்நாட்டுப் பெயர்களின் ஈற்றிலிருந்து சாதிப்பட்டம் படிப்படியாக நீங்கியது. ஈற்றில் ஒன்றுமின்றி நிற்கும் தமிழ்ப் பெயர் குறையுடைய பெயர் அன்று; ஒன்றை வேண்டாமென விலக்கியதால் அமைந்த பெயர்.

வெளியிடத்துப் படிவங்கள் இவ்வரலாற்றை அறியா. வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு நெடுங்காலம் வழங்கிய 49ஏ படிவம், இறுதிப்பெயரைக் கட்டாயமாகக் கேட்டு, முன்னெழுத்தை ஏற்க மறுத்தது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயரும் இயற்பெயரும் வெவ்வேறு கட்டங்களில் உள்ளன. ஆதார் அட்டையிலோ முழுப்பெயரும் ஒரே வரியில் அமைகிறது. மகாராட்டிரத்தில் இயற்பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர் என்பது வழக்கான வரிசை. 2024 மே முதல் நாளிலும் அதன்பின்னும் பிறப்போர்க்கு இயற்பெயரை அடுத்துத் தாய் பெயரும் இடம்பெற வேண்டும் என அம்மாநிலம் முடிவு செய்தது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டுமே உடையோர் வருகையாளர் நுழைவிசைவில் வருவதைத் தடுத்தது. பின்னர்க் கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்துத் தந்தை பெயரையோ குடும்பப்பெயரையோ ஏற்பதாக விளக்கம் வந்தது. தமிழ்நாட்டில் இயல்பான ஒற்றைப்பெயர் விமான நிலையத்தில் தடையாக மாறிய நிகழ்வு இது.

இக்கட்டங்களை நிரப்பும் தமிழர்க்கு நான்கு வழிகள் உள்ளன: தந்தை பெயரை விரித்தெழுதுதல், ஊர்ப்பெயரை எழுதுதல், இயற்பெயரையே இரண்டாகப் பிரித்தல், சாதிப்பட்டத்தை மீட்டெழுதுதல். நான்காம் வழியே சில மாநிலங்களில் இயல்பானதாக எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டு, மூன்று தலைமுறைக்கு முன் விலக்கப்பட்டது ஒரு படிவத்தின் வெற்றுக்கட்டத்தின் வழியே திரும்பி வரக்கூடும். பெயர்மாற்றத்தில் உள்ள உண்மையான இடர் இதுவேயாகும்.

4. ஒரு மாதிரி

மேற்கூறியவற்றை விளக்க ஒரு மாதிரியைக் கருதலாம். பனமரத்துப்பட்டியில் முத்து என்பவரின் மகளாகச் செல்வி பிறக்கிறார் எனக் கொள்க. பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் ஓரிடத்திலும் பெற்றோர் பெயர் வேறிடத்திலும் நிற்கின்றன. பள்ளிச் சான்றில் அவர் மு. செல்வி. மும்பையில் பணியேற்றபின் நிரந்தரக் கணக்கு எண்ணில் செல்வி முத்து. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் முதலில் வருவதால் முத்து செல்வி. ஊரிலுள்ள பட்டாவில் மீண்டும் மு. செல்வி.

இம்மூன்று வடிவங்களையும் தமிழறிந்தார் ஒருவரே எனக் கொள்வர். பிறர் மூவராகக் கொள்வர். மேலும் முத்து, செல்வி என்னும் இரு சொற்களும் ஒற்று மிக்குப் புணர்ந்தால் முத்துச்செல்வி என்னும் ஒற்றை இயற்பெயர் தோன்றும். ஒற்று மிகின் ஒருவர்க்குரிய இயற்பெயர். மிகாவிடின் தந்தை பெயரும் மகள் பெயரும். தமிழில் ஓர் ஒற்று காட்டும் இவ்வேறுபாட்டை ஆங்கில எழுத்துக்கூட்டல் காட்டுவதில்லை. ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் இசட், எச் என்னும் ஈரெழுத்தாலும் மற்றொருவர் எல் என்னும் ஓரெழுத்தாலும் எழுதுவதால், எழிலரசி, யாழினி போன்ற பெயர்களுக்கு இச்சிக்கல் மேலும் பெருகும்.

அலுவலகத்தில் செல்வி தம் தந்தையின் பெயரால் அழைக்கப்படுவார். அவர் தம் மக்களுக்கும் முத்து என்பதையே குடும்பப்பெயராக வைத்தால், தலைமுறைதோறும் நகர வேண்டிய உறவுச்சுட்டு ஒரு பாட்டனின் பெயரில் உறைந்து நின்றுவிடும். ஆவணத்தை ஒழுங்குபடுத்துவதற்காகச் செய்யப்படும் பெயர்மாற்றம், பெயரிடும் மரபையே மாற்றிவிடுவது இவ்வாறுதான்.

5. இரு அரசிதழ்களின் வாய்பாடுகள்

தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடும் தமிழ்நாடு அரசிதழில், பெயர்மாற்ற அறிவிக்கைகள் பகுதி 6, பிரிவு 4இல் இடம்பெறுகின்றன. தனியார் விளம்பரங்களுக்குரிய பிரிவு அது. இந்திய அரசிதழில் அவை பகுதி 4இல், தில்லியில் உள்ள வெளியீட்டுத் துறையின் வழியே வருகின்றன. முன்னது புதன்கிழமைதோறும் பின்னது சனிக்கிழமைதோறும் வெளியாகும் வார இதழ்கள்.

தமிழ்நாடு அரசிதழின் வாய்பாடு ஒரே வாக்கியம். அதன் உறுப்புகள் முறையே: பழைய பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த நாள், அடைப்புக்குறிக்குள் சொந்த மாவட்டம், குடியிருப்பு முகவரி, இனி இன்ன பெயரால் அறியப்படுவேன் என்னும் முடிப்பு. இந்திய அரசிதழின் வாய்பாட்டில் இதுவரை அறியப்பட்ட பெயர், தந்தை பெயர், பணி, குடியிருப்பு முகவரி ஆகியன வந்தபின், பெயரை மாற்றிக்கொண்டேன். இனி இன்ன பெயரால் அறியப்படுவேன் என்னும் இரு முடிப்புகள் அமைகின்றன. பிற சட்டத் தேவைகளை நிறைவேற்றியதாக ஓர் உறுதிமொழியும் தொடர்கிறது.

இவ்விரண்டையும் ஒப்பிடும்போது இரு வேறுபாடுகள் புலப்படுகின்றன.

முதலாவது வினைமுற்றின் காலம் பற்றியது. இந்திய அரசிதழ் வாய்பாட்டில் மாற்றம் இறந்தகாலத்தது. உறுதிமொழி ஆவணத்தில் முன்பே நிகழ்ந்துவிட்ட மாற்றத்தை அரசிதழ் அறிவிக்கிறது. தமிழ்நாட்டு வாய்பாட்டில் இறந்தகால வினை இல்லை. எதிர்கால வினை மட்டுமே உள்ளது. அறிவிக்கும் வாக்கியமே மாற்றத்தைத் தொடங்கி வைக்கும் வாக்கியமாகவும் அமைகிறது. எனினும் இரண்டிலும் அறியப்படுவேன் என்னும் செயப்பாட்டு வினையே முடிப்பு. பெயரைத் தேர்வது ஒருவரின் செயல். அப்பெயரால் அறிவது பிறரின் செயல். பெயர்மாற்றம் பிறரின் ஒப்புதலால் நிறைவுறுவது என்பதை இவ்வினை வடிவம் உணர்த்துகிறது.

இரண்டாவது நிலம் பற்றியது. தமிழ்நாட்டு வாய்பாட்டில் பிறந்த மண்ணும் வாழும் முகவரியும் ஆகிய இரண்டு நிலங்கள் உள்ளன. இந்திய அரசிதழ் வாய்பாட்டில் வாழும் முகவரி மட்டுமே உண்டு. மும்பை முகவரியோடு இந்திய அரசிதழில் வெளியாகும் அறிவிக்கை, செல்வி சேலத்துக்காரர் என்பதை எங்கும் சொல்வதில்லை. தமிழ்நாட்டு அறிவிக்கையில் பழைய பெயர்க்கும் புதிய பெயர்க்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைப்பது பிறந்த நாளும் சொந்த மாவட்டமுமே. பெயர் மாறினும் இவ்விரண்டும் மாறா என்பது அதன் உட்பொருள். தொல்காப்பியர் கூறிய நிலப்பெயர், ஆட்பெயரிலிருந்து நீங்கிய பின்னும், ஆட்பெயரை மாற்றும் வாக்கியத்தில் அடைப்புக்குறிக்குள் வாழ்கிறது எனலாம்.

ஆயின் அங்கும் பதிவாவது மாவட்டமே, ஊர் அன்று. பனமரத்துப்பட்டி சேலத்துள் மறைந்துவிடுகிறது. மாவட்டமோ நிலையானதன்று. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997 சனவரி முதல் நாளில் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. தருமபுரியிலிருந்து 2004இல் கிருட்டிணகிரி பிரிந்தது. 1980இல் இராசிபுரத்தில் பிறந்தவர் பிறந்த காலத்துச் சேலத்தைச் சொந்த மாவட்டமாக எழுதுவதா, இன்றைய நாமக்கல்லை எழுதுவதா என்னும் வினா எழும். அடையாளத்தின் மாறாத உறுப்பாகக் கொள்ளப்பட்டதே மாறியிருக்கிறது. இராசிபுரம் என ஊரை எழுதியிருந்தால் இவ்வினாவுக்கு இடமில்லை.

6. திருத்தமும் மாற்றமும்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு எதிரான சிக்யா யாதவ் வழக்கில் 2021 சூன் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இப்பொருளில் முதன்மையானது. தம் பெயரைத் தாமே ஆளும் உரிமை அடிப்படை உரிமைகளுள் அடங்கும் என அது கொண்டது. பெயர்த் திருத்தம் வேறு, பெயர்மாற்றம் வேறு எனவும் பகுத்தது. முன்பே உள்ள ஆவணத்தோடு சான்றிதழை ஒத்துப்போகச் செய்வது திருத்தம். விருப்பத்தால் புதிய பெயர் கொள்வது மாற்றம். இதற்கு அரசிதழ் வெளியீடு முதலியவற்றை வாரியம் கேட்கலாம். மாற்றத்தின்போது பழைய பெயரையும் குறிப்பாகச் சான்றிதழில் நிலைநிறுத்தலாம். மறக்கப்படும் உரிமையின்பாற்பட்ட நேர்வுகளில் இதற்கு விலக்கு உண்டு.

இப்பகுப்பைத் தமிழ்ப் பெயர்மாற்ற வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும். வேதாசலம் 1916ஐ ஒட்டி மறைமலையடிகள் ஆனார். சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் எனப்பட்டார். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் சூரியன் பரிதியாகவும் மொழிபெயர்ந்தன. சேலம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஞா. தேவநேயப் பாவாணரிடமும் இம்மரபு காணப்படுகிறது. தேவநேசன் என்பது தேவநேயன் ஆயிற்று. இவை எல்லாவற்றிலும் பொருள் மாறவில்லை, மொழி மாறியது. பெயருடையார் நோக்கில் இவை மீட்புகள். இன்றைய ஆவணமுறை நோக்கில், ஒலியும் எழுத்தும் வேறுபடுவதால், இவை முழுமையான மாற்றங்கள். மறுதலையாக, ழகரத்தை லகரமாக ஒலிக்கச் செய்யும் ஆங்கில எழுத்துக்கூட்டல் பெயரின் ஒலியையே கெடுத்தாலும், அதனைச் சரிசெய்வது வெறுந்திருத்தம். பொருளை அளவுகோலாகக் கொள்ளும் தமிழ் மரபும் எழுத்தொற்றுமையை அளவுகோலாகக் கொள்ளும் ஆவணமுறையும் இங்கு எதிர்முனைகளில் நிற்கின்றன.

மு. செல்வி என்பது செல்வி முத்து ஆவது திருத்தமா, மாற்றமா என்னும் வினாவும் இவ்வாறே. தமிழ் மரபின்படி இது முன்னெழுத்தின் விரிவு, ஒன்றும் மாறவில்லை. எழுத்தெழுத்தாக ஒப்பிடும் அலுவலகத்திற்கு இது மாற்றம். ஆதாரில் பெயரைத் திருத்திக்கொள்ள வாழ்நாளில் இருமுறை மட்டுமே பொதுவாக வாய்ப்பு உண்டு. விரிவையும் மாற்றமாக எண்ணினால் அவ்வாய்ப்புகளுள் ஒன்று வீணே செலவாகும். 2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத ஆணையிட்டது. அவ்வாணை மாநில எல்லைக்குள் முன்னெழுத்தைப் பெயரின் உறுப்பாக உறுதிப்படுத்துகிறது. எல்லைக்கு வெளியே அதன் நிலை உறுதிப்படவில்லை.

7. பிறந்த மண் சுமையாகும் நேர்வு

பிறந்த மண் எல்லார்க்கும் விரும்பத்தக்க அடையாளம் எனக் கொள்வது பொருந்தாது. ஊரும் குடும்பமும் விலக்கியதால் வெளியேறி வாழ்வோர் உளர். திருநர் பலர் வாழ்வில் பெயர்மாற்றம் ஊரை நீங்குதலோடு சேர்ந்தே நிகழ்ந்துள்ளது. அவர்க்குப் பழைய பெயரும் தந்தை பெயரும் சொந்த மாவட்டமும் ஒரே வாக்கியத்தில் அச்சாவது, விட்டு வந்ததை மீண்டும் சுமப்பதாகும். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், மாவட்ட நிருவாக நடுவரின் சான்றைக் கொண்டு பிறப்புச் சான்றிலும் பிற ஆவணங்களிலும் பெயரை மாற்ற வழிவகுத்தது. உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட மறக்கப்படும் உரிமையும் இத்தகையோர்க்குக் காப்பாகும். எனவே நிலக்குறிப்பு பெயர்மாற்ற அறிவிக்கையில் இருத்தல் வேண்டும் என்பதைவிட, அதனைச் சேர்க்கவோ நீக்கவோ உரியவர்க்கு உரிமை இருத்தல் வேண்டும் என்பதே பொருத்தம்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தமிழ் முன்னெழுத்து, தலைமுறைதோறும் நகரும் உறவுச்சுட்டு. அதனைக் குடும்பப்பெயராக விரிப்பது பெயரிடும் மரபில் நிகழும் மாற்றமாகும். வெளிமாநிலத்தில் வாழ்வோரின் ஆவணங்களில் இம்மாற்றம் படிவத்தின் கட்டாயத்தால் நிகழ்கிறது.

2. குடும்பப்பெயர்க் கட்டம் தமிழர்க்கு நடுநிலையான வெற்றிடம் அன்று. விலக்கிய சாதிப்பட்டம் திரும்புவதற்கும் அது வாயில் ஆகலாம். அதற்கு மாற்றாக ஊர்ப்பெயரை வைக்கும் வழி சங்கப் புலவர் பெயர்களிலும் குமாரமங்கலம் குடும்பத்தின் பெயர்களிலும் சான்று பெற்றுள்ளது. தொல்காப்பியர் கூறிய நிலப்பெயர்க்கு இன்றைய பயன்பாடு இதுவாகும்.

3. தமிழ்நாடு அரசிதழ் வாய்பாடு பிறந்த மண்ணையும் வாழும் முகவரியையும் ஒருங்கே காட்டுகிறது. இந்திய அரசிதழ் வாய்பாடு வாழும் முகவரியை மட்டும் காட்டுகிறது. வெளிமாநிலத் தமிழர் எந்த அரசிதழைத் தேர்கிறார் என்பது, அவர் பிறந்த மண் அறிவிக்கையில் இடம்பெறுமா என்பதையும் தீர்மானிக்கிறது.

4. மாவட்டங்கள் பிரிக்கப்படுவதால் சொந்த மாவட்டம் என்னும் குறிப்பு காலப்போக்கில் தெளிவிழக்கிறது. மாவட்டத்தோடு ஊர்ப்பெயரையும் எழுத இடமளிப்பதும், விரும்பாதார்க்கு அக்குறிப்பை நீக்க வழிசெய்வதும் வேண்டத்தக்கன.

5. முன்னெழுத்தின் விரிவைப் பெயர்மாற்றத்திலிருந்து வேறுபடுத்தித் திருத்தமாகக் கொள்ளும் தெளிவான விதி, வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் தமிழரின் இடர்ப்பாட்டைப் பெரிதும் குறைக்கும்.

தமிழ்நாடு அரசிதழின் பகுதி 6, பிரிவு 4, வாரந்தோறும் விரியும் ஒரு பெயர்த்தொகுதி. பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே நிற்கும் இத்தகைய தொகுதி பெயராய்வாளர்க்கு அரிய வாய்ப்பு. மாவட்டவாரியாக அதனைத் தொகுத்து ஆராய்ந்தால், தமிழர் எப்பெயரை விட்டு எப்பெயரை நோக்கிச் செல்கின்றனர் என்பது விளங்கும். பனமரத்துப்பட்டியிலிருந்து சென்றவர்களைத் தேடுவார்க்கு, அவர்கள் சேலம் என்னும் ஒரு சொல்லுள் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றனர்.